தலைகீழாக நிற்பது யார்?

ஆங்கில வாக்கியத்தில் அழுத்தத்துக்காகச் சொல் வரிசையை மாற்றுவது வெறும் ஒப்பனை என்று சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அது விக்டோரியா காலத்துப் பகட்டாம். இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லையாம். எழுவாயை முதலில் வைத்தாலும் அதே பொருள்தான் வருமாம். ஆகவே பள்ளிப் பாடத்திலிருந்தே தூக்கிவிட வேண்டுமாம். இவ்வளவு துணிச்சல் வருவதற்கு இலக்கணம் தெரியாமல் இருப்பது பெரிய வசதி.

பேச்சிலிருந்தே தொடங்குவோம். காபி பிடிக்காது என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால், எனக்கும்தான் என்பதற்கு ‘நீதர் டூ ஐ’ என்கிறோம். நிறுத்தத்தில் காத்திருப்பவர் ‘ஹியர் கம்ஸ் த பஸ்’ என்கிறார். இரண்டிலும் எழுவாய் பின்னால்தான் நிற்கிறது. இதில் பகட்டு எங்கே இருக்கிறது? கட்டுரையாளரே இன்று காலை யாரிடமாவது இப்படிப் பேசியிருப்பார்.

விக்டோரியா 1837இல் அரியணை ஏறினார். அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஆல்ஃபிரட் அரசர் காலத்து உரைநடையிலேயே, ‘அப்போது’ என்ற சொல் முதலில் வந்தால் வினை ஓடிவந்து இரண்டாம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜெர்மன் மொழி இன்றும் அந்த ஒழுங்கை விடவில்லை. ஆங்கிலம் பெரும்பாலும் விட்டுவிட்டது. ஆனால் ‘நெவர்’, ‘செல்டம்’, ‘ஹார்ட்லி’ போன்ற எதிர்மறைச் சொற்கள் வாக்கியத்தின் தலையில் ஏறும்போது பழைய சட்டம் இன்னும் செல்லுபடியாகிறது. ‘நெவர் ஹேவ் ஐ சீன்’ என்றுதான் எழுத வேண்டும். ‘நெவர் ஐ ஹேவ் சீன்’ என்பது பிழை. ‘நெவர்’ முன்னே வரலாமா என்பது எழுதுபவரின் விருப்பம். வந்த பிறகு துணைவினை இடம் மாறுவதில் அவருக்கு உரிமையே இல்லை. அந்த விருப்பத்துக்கும் இந்தக் கட்டாயத்துக்கும் வேறுபாடு தெரியாதவர்தான் இதை ஒப்பனை என்கிறார்.

‘அதே பொருள்தான்’ என்ற வாதத்தைத்தான் நான் மிகவும் ரசித்தேன். ‘வித் நோ டீச்சர், ஷி வுட் பி ஹேப்பி’ என்றால், ஆசிரியரே இல்லாவிட்டால் அவள் மகிழ்ச்சியாக இருப்பாள். ‘வித் நோ டீச்சர் வுட் ஷி பி ஹேப்பி’ என்றால், எந்த ஆசிரியர் வந்தாலும் அவளுக்கு மகிழ்ச்சி கிடையாது. சொற்கள் அவையேதான், ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. துணைவினையும் எழுவாயும் இடம் மாறியதும் சொன்னது தலைகீழாகிவிட்டது. எழுவாயை முன்னே தள்ளினால் போதும் என்பவர், இந்த இரண்டாம் வாக்கியத்தை அப்படித் தள்ளிப் பார்க்கட்டும். அவர் கையில் முதல் வாக்கியம்தான் மிஞ்சும்.

தமிழில் ‘வந்தான் அவன்’ என்றும் சொல்கிறோமே, அதுபோல இதுவும் ஒரு சுவைதானே என்று இடையில் ஓர் ஒப்பீடு வேறு. தமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்றின் விகுதியும் யார் எவர் என்று காட்டிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையின் பெரும்பகுதியை இடம்தான் செய்கிறது. எனவே அங்கே இடம் மாற்றத்துக்கும் நிபந்தனை உண்டு. ‘டவுன் கேம் த ரெயின்’ சரி. ஆனால் மழையை ‘இட்’ என்று சுட்டினால் ‘டவுன் கேம் இட்’ ஆகாது, ‘டவுன் இட் கேம்’ என்றே வரும். இவ்வகை வாக்கியத்தில் புதிதாக அறிமுகமாகும் செய்திக்குத்தான் கடைசியில் இடம். ஏற்கெனவே தெரிந்ததைச் சுட்டும் பெயருக்கு அங்கே இடமில்லை.

தம் பக்கத்துக்கு அவர் அழைத்த இரண்டு சாட்சிகளும் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர்கள். ஃபௌலர் 1926இல் வெளியிட்ட சொல்வழக்கு அகராதியில் இந்தச் சொல் வரிசை மாற்றத்தைச் சாடியிருக்கிறார் என்பது உண்மை. ஆனால் அவர் சாடியது தேவையில்லாத இடத்தில் செய்வதை. எங்கே வேண்டும், எங்கே கூடாது என்று பிரித்துக் காட்டத்தான் அத்தனை பக்கம் செலவழித்தார். மொத்தமாகவே கூடாது என்றால் அவருக்கு ஒரு வரி போதுமே. அடுத்தவர் வோல்காட் கிப்ஸ். ‘டைம்’ இதழின் புரண்டோடும் வாக்கியங்களை 1936இல் ‘த நியூ யார்க்கர்’ இதழில் அவர் கிழித்துத் தொங்கவிட்டார். ‘டைம்’ செய்த குற்றம், மாற்றத்தைக் கோரும் எந்தச் சொல்லும் முன்னால் இல்லாமலே வினையைத் தூக்கி முதலில் போட்டது. எது இயல்பு என்பது வாசகருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கேலி பலித்தது.

நம் பள்ளிகளில் ‘ஆஸ் சூன் ஆஸ்’ வாக்கியத்தை ‘நோ சூனர்’ என்று மாற்று, இரண்டு மதிப்பெண் என்று இதை மாவரைக்கிற வேலையாக்கிவிட்டார்கள் என்று அவர் புலம்புவது நியாயம்தான். அதற்கு ஏன், எப்போது என்று சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாடத்தையே எடுத்துவிட்டால் நாளைக்குக் கடன் பத்திரத்தில் ‘ஷுட் யூ ஃபெயில் டு பே’ என்று ஒரு நிபந்தனை தொடங்கும். எழுவாயை முதலில் மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளை அதைக் கேள்வி என்று நினைத்து, ‘நோ’ என்று பதில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடும். வட்டியைக் கட்டுரையாளர் கட்டுவாரா?