கன்னக்குழியும் கன்னக்கோலும்

கன்னம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. முகத்தில் இருப்பது ஒன்று. திருடன் சுவரில் வைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே நினைவுக்கு வரும்படியான ஒரு விநோதப் பொழுதுபோக்கைப் பற்றி இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம். சொந்தப் பூட்டைச் சாவியில்லாமல் திறந்து பழகுவதுதான் அது. இதில் ஈடுபடுகிறவர்களைத் திருடர் கூட்டம் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. அணு விஞ்ஞானி ரிச்சர்ட் பெய்ன்மன், 1940-களில் லாஸ் அலமாஸில் வேலை பார்த்தபோது இதில் பெயர் பெற்றவர். ஜர்மனியில் 1997-ம் வருஷம் முதல் இதற்கென்று ஒரு சங்கமே இருந்து வருகிறது. ஹாலந்திலும் உண்டு. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு போட்டிகூட நடத்துகிறார்கள்.

அந்தப் போட்டிகளில் கைதேர்ந்தவர்களையும் தவிக்க வைக்கிற பூட்டு ஒன்று நம்மில் பலர் வீட்டு வாசலில் இருக்கிறது. நாம் பழகிய சாவிகளுக்கு விளிம்பிலே மலை முகடுகளைப்போல் வெட்டுகள் இருக்கும். இப்பொழுது நகரங்களில் எழும்பும் அடுக்கு வீடுகளின் கதவுக்குக் கொடுக்கிறார்களே, அந்தச் சாவியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் விளிம்பு வழவழவென்றிருக்கும். தட்டையான பக்கத்திலோ வட்ட வட்டமாகச் சிறு குழிகள், ஒன்று ஆழமாக, ஒன்று மேலாக. ஆங்கிலத்தில் இதற்கு 'டிம்பிள்' சாவி என்று பெயர். குழந்தை சிரிக்கும்போது கன்னத்தில் விழும் குழியின் பெயர்தான் அது. 1934-ம் வருஷம் ஸ்விட்ஸர்லாந்தில் காபா கம்பெனியார் இவ்வகையைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பக்கமாகச் செருகினாலும் திறக்கும் என்பது இதன் பெருமை. இருட்டில் வீடு திரும்பும் குடும்பஸ்தர்கள் அதன் அருமையை அறிவார்கள்.

பூட்டினுள் நடப்பதைச் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும். ஒரு கூடு, அதற்குள் சுழலும் ஓர் உருளை. கூட்டிலிருந்து உருளைக்குள் இறங்கும் சிறு துளைகள் பல. ஒவ்வொரு துளையிலும் இரண்டு பித்தளைக் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, பின்னாலிருந்து ஒரு சுருள்வில் அவற்றைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். சாவி இல்லாதபோது மேற்குச்சி, பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாகக் கிடந்து உருளையைச் சுழல விடாமல் தடுக்கிறது. சரியான சாவி நுழைந்ததும் குச்சிகள் இரண்டும் சந்திக்கிற மூட்டு உருளையின் விளிம்பில் வந்து நிற்கும். எல்லாத் துளைகளிலும் அவ்வாறு நின்றுவிட்டால் பூட்டுத் திறந்தது. அமெரிக்கரான லைனஸ் யேல் 1860-களில் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார்.

சாவியின்றித் திறக்கும் வழி எங்கே பிறக்கிறது என்றால், யந்திரத்தின் குறையிலே பிறக்கிறது. எந்த யந்திரமும் எல்லாத் துளைகளையும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் இடுவதில்லை. ஆகையால் உருளையை மெல்லத் திருகினால் எல்லாக் குச்சிகளும் ஒரே சமயத்தில் இறுகுவதில்லை. ஏதோ ஒன்றுதான் முதலில் சிக்கிக்கொள்ளும். அதைத் தேடிப் பிடித்து அழுத்தினால், மூட்டு விளிம்புக்கு வந்த கணத்தில் உருளை அணுவளவு நகரும். 'டிக்' என்று ஓர் ஓசை. ஓசை என்பதைவிட விரல் நுனியில் ஓர் உணர்ச்சி என்பது பொருந்தும். பிறகு அடுத்த குச்சியின் முறை.

சாதாரணப் பூட்டில் வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குச்சியைத் தூக்கிவிடலாம். குழிச்சாவிப் பூட்டிலோ சாவித்துவாரம் ஒரு மெல்லிய பிளவு. குச்சிகள் அதன் அகன்ற பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கின்றன. கம்பியைத் தூக்குவதற்கு அங்கே இடமே இல்லை. எனவே நுனியில் குட்டிக் கொடிபோல் ஒரு தகடு வைத்த கம்பியைச் செய்திருக்கிறார்கள். அதைத் தூக்குவதில்லை, உருட்டுகிறார்கள். கம்பி உருளும்போது கொடி திரும்பிக் குச்சியை அழுத்துகிறது. குச்சிகள் ஒரே வரிசையில் இருந்துவிட்டால் பாதகமில்லை. இரண்டு வரிசை, மூன்று வரிசை வைக்கிற கம்பெனிகளும் உண்டு. போதாக்குறைக்கு நூல் சுற்றும் கட்டையைப்போல் இடை சிறுத்த குச்சிகளையும் கலந்து விடுகிறார்கள். இவற்றின் இடுப்பு சிக்கும்போது உருளை சிறிது திரும்பி, திறந்தேவிட்டதுபோல் ஆசை காட்டி, அங்கேயே நின்றுவிடும். அப்பொழுது திருகும் விசையை ஒரு நூலளவு தளர்த்த வேண்டும். இரண்டு நூல் தளர்த்தினாலோ, அரைமணி நேரம் பாடுபட்டு நிறுத்திய குச்சிகள் அத்தனையும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்! பலசாலிகளுக்கு இந்தக் கலை லேசில் வசப்படாது. வீணை பழகுகிறவர் சரளி வரிசையில் ஆரம்பிப்பதுபோல, ஒரே ஒரு குச்சியை மட்டும் பூட்டில் விட்டு வைத்துத் தொடங்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போவதுதான் முறை.

இவ்வளவையும் குடும்பங்கள் படிக்கிற பத்திரிகையில் எழுதலாமா, திருடனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாகாதா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். இந்த ஆட்சேபம் மிகப் பழையது. 1851-ம் வருஷம் லண்டனில் மகா பொருட்காட்சி நடந்தபோது ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர் அங்கே வந்து சேர்ந்தார். யாராலும் திறக்க முடியாதென்று கீர்த்தி பெற்றிருந்த சப் கம்பெனிப் பூட்டைச் சாட்சிகளின் முன்னிலையில் 25 நிமிஷத்தில் திறந்தார். (அது நெம்புத் தகடு வகை; நம் திண்டுக்கல் பூட்டின் குலம்.) பிக்காடிலியில் பிராமா கடையின் ஜன்னலில், திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற சவாலுடன் பல்லாண்டுகளாக ஒரு பூட்டு வீற்றிருந்தது. அதன்மேலும் கை வைத்தார். 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது, அதுவும் திறந்தது. லண்டன்வாசிகளுக்குத் தூக்கம் போயிற்று. இந்த ரகசியங்களை வெளியிடலாமா என்று பெரிய வாதம் எழுந்தது. ஹாப்ஸின் கட்சி எளியது: திருடனுக்கு இதெல்லாம் முன்பே தெரியும், தெரியாதவர்கள் காசு கொடுத்துப் பூட்டு வாங்குகிற கனவான்கள்தாம். நாமும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களே. ஹாப்ஸ் பெருமையுடன் கொண்டுவந்த அமெரிக்கப் பூட்டையே பிற்பாடு யேல் திறந்து காட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜப்பானில் நடந்தது நம் காலத்துக் கதை. 2000-ம் வருஷத்தை ஒட்டி, அங்கே அடுக்கு வீடுகளில் பரவலாக இருந்த ஒரு வகைப் பூட்டைக் கம்பியால் திறந்து கொள்ளையிடும் திருட்டுகள் ஏராளமாயின. வெளியே போய் வருவதற்குள் வீடு காலி. கதவிலோ கீறல்கூட இல்லை. பூட்டு இன்ன ஜாதி என்றுகூட அறியாமல் அதை நம்பியிருந்த குடும்பங்கள் அவை. 2003-ம் வருஷம், தக்க காரணமின்றிப் பூட்டுத் திறக்கும் கருவிகளை வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் செய்தார்கள். வீட்டுக்காரர்கள் பூட்டை மாற்றினார்கள். குழிச்சாவி அந்த நாட்டில் பல வீடுகளில் புகுந்தது. மறு வருஷம், திருட்டைத் தாங்கக்கூடிய கதவு, பூட்டு முதலியவற்றுக்கு ஒரு ஜாபிதாவும் வெளியாயிற்று. அதில் இடம் பெறுவதற்கு என்ன யோக்கியதை தெரியுமா? 5 நிமிஷம் தாக்குப்பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். திறக்கவே முடியாத பூட்டு என்று யாரும் அங்கே சொல்லவில்லை. திருடனுடைய 5 நிமிஷத்தை வாங்கிக் கொடுக்கிற பூட்டு என்கிறார்கள். பிராமா 51 மணி நேரம் வாங்கிக் கொடுத்தார், சப் 25 நிமிஷம். கடைக்காரர் "இது உடைக்க முடியாதது ஸார்!" என்று சத்தியம் செய்யும்போது, "எத்தனை நிமிஷத்துக்கு?" என்று கேட்கத் தெரிந்திருந்தால் வாங்குகிறவருக்கு எவ்வளவோ லாபம். குழிகள் நிறைய இருப்பதாலேயே பூட்டு உசத்தி ஆகிவிடாது. மலிவுச் சரக்கில் துளைகள் கோணலாக இருக்கும்; குழிகளின் ஆழத்திலும் அதிக வித்தியாசம் இராது.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் கண்டிப்பாய்க் கைக்கொள்ளும் விதிகள் இரண்டு. தன்னுடையதல்லாத பூட்டை, உடையவரின் அனுமதியின்றித் தொடக்கூடாது. தன்னுடையதேயானாலும், உபயோகத்திலுள்ள பூட்டில் பழகக்கூடாது. முதல் விதிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதை அலட்சியம் செய்தால் குச்சி ஒன்று எக்கச்சக்கமாய்ச் சிக்கி, குடும்பம் முழுவதும் ராத்திரி எட்டு மணிக்கு நடைபாதையில் நிற்க நேரலாம்.

பழைய இரும்புக் கடையில், சாவியோடு கிடைக்கிற பூட்டாக ஒன்று வாங்கிக்கொள்வது நலம். பிரிக்கும்போது வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். சுருள்வில்கள் மிகச் சிறியவை. துள்ளி ஓடினால் அகப்படமாட்டா. குச்சிகளை வரிசையாக வைப்பதற்குச் சமையலறை அஞ்சறைப் பெட்டி வெகு பொருத்தம். அதற்கு மட்டும் வீட்டம்மாளின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது உத்தமம்.