ஓடினால்தான் எஞ்சின்

திருத்தணி மலைக்கோயிலுக்குச் செல்லும் படிகள் 365. ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்பது வழக்கு. ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் அங்கு நடைபெறும் படித் திருவிழாவில், பல ஊர்களிலிருந்து வரும் பசனைக் குழுவினர் ஒவ்வொரு படியையும் கழுவி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடியவாறு மேலேறுகின்றனர். கூலிக்குப் படி கழுவுவோர் அல்லர் அவர்கள். அவர்களுள் ஆசிரியரும் உண்டு, உழவரும் உண்டு. இத்தகைய தொண்டுக்குத் தமிழில் உழவாரப் பணி என்னும் பெயர் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. திருநாவுக்கரசர் கையில் ஏந்திய உழவாரம் போர்க்கருவி அன்று. கோயில் வழியில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி. ஊருக்குப் பொதுவான ஒன்றைத் தன் கையால் பேணுதல் தமிழர்க்கு எவரும் கற்றுத்தர வேண்டிய புதுமையன்று.

அம்மலையின் அடிவாரத்து ஊர் வழியே இன்னொரு பழைமையும் செல்கிறது. அது இருப்புப்பாதை. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து, இன்று வாலாஜா ரோடு என அழைக்கப்படும் நிலையம்வரை ஓடியது. அத்தடத்தில் அரக்கோணத்தில் பிரிந்த வடமேற்குப் பாதை திருத்தணி, ரேணிகுண்டா, கடப்பை வழியாக நீண்டு, 1871இல் இராய்ச்சூரில் மும்பைத் தடத்தோடு இணைந்தது. நீராவி எஞ்சினும், அதன்பின் டீசல் எஞ்சினும், இன்று மின் எஞ்சினும் அப்பாதையில் வண்டிகளை இழுத்துவந்துள்ளன. படிகளைப் பேணப் பல்லாயிரம் கைகள் வந்துசேரும் ஊருக்கு அருகிலேயே இத்தனை தலைமுறை எஞ்சின்கள் ஓடியும், அவற்றுள் ஒன்றையேனும் பேணப் பொதுமக்களுள் எவரும் கைநீட்டவில்லை. மக்களுக்கு ஆர்வம் இல்லை என்பது இதற்குக் காரணமாகாது. பணிமனையின் கதவு அவர்களுக்குத் திறக்கப்படவில்லை என்பதே உண்மை.

நீராவி எஞ்சினைப் பற்றி இங்கு மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அன்பர் பலர் உளர். இன்று கவலைக்குரியது டீசல் எஞ்சின். 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்திறங்கிய டபிள்யூ.டி.எம்.-2 என்னும் வகை, 1964 சனவரி முதல் வாரணாசியிலேயே உருவாக்கப்பட்டது. இப்பெயரில் உள்ள டபிள்யூ அகலப் பாதையையும், டி டீசலையும், எம் பயணியர் வண்டி, சரக்கு வண்டி ஆகிய இருவகைப் பணியையும் குறிக்கும். 16 சிலிண்டர்களும் 2,600 குதிரைத்திறனும் கொண்ட அவ்வகையில் 2,600க்கும் மேற்பட்ட எஞ்சின்கள் செய்யப்பட்டன. மீட்டர் பாதைக்கென அதன் தம்பிபோல் வந்தது ஒய்.டி.எம்.-4. பஞ்சாபின் கோதுமையைத் தெற்கே கொணர்ந்தவையும், தமிழக ஊர்களிலிருந்து வேலை தேடிச் சென்றோரைப் பெருநகரங்களில் சேர்த்தவையும் பெரும்பாலும் இவையே. எனினும் இவற்றைப் பற்றிக் கவிதை எழுதினோர் அரியர். நீராவி எஞ்சினின் சக்கரமும் தண்டும் இயங்குவது கண்ணுக்குத் தெரியும். டீசல் எஞ்சினோ தன் உள்ளுறுப்பை எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் மறைத்துக்கொண்டது. மறைந்திருப்பதை மக்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

அகலப் பாதையில் மின்மயமாக்கம் 95 விழுக்காட்டைக் கடந்துவிட்டது. இது வரவேற்கத்தக்கது, டீசல் புகையைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. ஆயினும் ஒரு காலத்தின் உழைப்பை எல்லாம் தாங்கிய எஞ்சின் வகை முழுவதும் பழைய இரும்பாக உருக்கப்படுமுன், சிலவற்றையேனும் ஓடும் நிலையில் வைத்திருத்தல் வேண்டும். அப்பணியில் தன்னார்வலர்களையும் சேர்த்தல் வேண்டும். மேடையில் நிறுத்தி வண்ணம் பூசினால் போதாதா எனக் கேட்போர் உண்டு. போதாது என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று இருக்கிறது.

1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட இ.ஐ.ஆர்.-21 என்னும் நீராவி எஞ்சின், பணி ஓய்வுக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காட்சிப்பொருளாக நின்றது. 2010இல் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர் அதற்கு மீண்டும் உயிரூட்டினர். அவ்வாண்டு விடுதலை நாளில் அது சென்னையில் ஓடியது. நூறாண்டு நின்ற எஞ்சினையும் ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கையை அந்நிகழ்வு தருகிறது. அந்நம்பிக்கையை டீசல் எஞ்சினிடம் வைத்தல் பிழை. நீராவி எஞ்சின் பெரும்பாலும் இரும்பும் செம்பும் பித்தளையும் ஆனது. தேய்ந்த பாகத்தை வல்லவர் ஒருவர் பட்டறையில் வார்த்தும் கடைந்தும் செய்துவிடலாம். டீசல் எஞ்சினுள் ரப்பர் வளையங்கள் உள்ளன. மின்சுருள்களைப் போர்த்திய காப்புப்பூச்சு உண்டு. மயிரிழை அளவில் இழைத்த எரிபொருள் பம்புகளும் உண்டு. ஓடாமல் நின்றால் ரப்பர் வெடிக்கும், காப்பில் ஈரம் ஏறும், பம்பு இறுகிப்போகும். சில ஆண்டு மழையே அதைத் திரும்பாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே டீசல் எஞ்சினைப் பொறுத்தவரை, பிற்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கைவிடுவதற்கு இன்னொரு பெயரே.

அந்த இ.ஐ.ஆர்.-21 பிறந்த லீட்ஸ் நகரிலேயே தன்னார்வலர் இயக்கத்தின் ஒரு முதன்மையான நிகழ்வும் நடந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது, ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயன் அது. அதே ஆண்டு சூன் திங்களில், லீட்சின் மிடில்டன் இருப்புப்பாதையில் தன்னார்வலர்கள் பயணியர் வண்டி ஒன்றை ஓட்டினர். 1758இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிலக்கரிக்கென ஏற்பட்ட பழைய பாதை அது. கைவிடப்பட இருந்த அதனை மீட்டோருள் லீட்ஸ் பல்கலைக்கழக ஆசிரியரும் மாணவரும் இருந்தனர். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே வேல்சு நாட்டின் டாலிலின் என்னும் குறும்பாதையைத் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தி உலகிற்கு வழிகாட்டியிருந்தனர். எனினும் வழக்கமான அகலமுடைய பாதையில் இம்முயற்சி மிடில்டனில்தான் தொடங்கியது. அந்த முதல் வண்டியை இழுத்தது எது என்பது கருதத்தக்கது. நீராவி எஞ்சின் அன்று. 1930களின் தொடக்கத்தில் அவ்வூரிலேயே செய்யப்பட்ட சிறிய டீசல் எஞ்சின். மரபு என்றால் நீராவி மட்டுமே என்னும் எண்ணத்திற்கு அத்தொடக்கமே மறுப்பு.

டெல்டிக் எஞ்சின்களின் கதை இன்னும் தெளிவானது. இலண்டன் முதல் எடின்பரோ வரையிலான தடத்தில் விரைவு வண்டிகளை இழுக்க 1961, 1962 ஆண்டுகளில் 22 டெல்டிக்குகள் வந்தன. ஒவ்வொன்றும் 3,300 குதிரைத்திறன் உடையது. கடற்படையின் விரைவுப் படகுகளுக்கென உருவான, முக்கோணமாக அமைந்த சிலிண்டர்களைக் கொண்டது. பழுது பார்ப்பதற்குக் கடினமானது எனப் பெயர்பெற்றது. அவை ஓடிக்கொண்டிருந்தபோதே, 1977இல், அவற்றைப் பேணுவதற்கென ஆர்வலர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 1982 சனவரியில் அவ்வகை பணியிலிருந்து நீங்கியது. 22இல் இன்று எஞ்சியிருப்பவை ஆறு. அவற்றுள் மூன்று அச்சங்கத்தின் உடைமை; உறுப்பினர் அளித்த சிறுசிறு தொகைகளால் வாங்கப்பட்டவை. எஞ்சின் சாகும்வரை காத்திராமல், அது உயிரோடு இருக்கும்போதே அவர்கள் தொடங்கியதுதான் இதில் கற்கத்தக்கது. உதிரிப்பாகம் கிடைக்கும் காலத்திலேயே அதைச் சேர்க்க வேண்டும். பழுதுபார்த்த தொழிலாளி நினைவோடு இருக்கும் காலத்திலேயே அவரிடம் கேட்க வேண்டும்.

அவ்வாறு பேணுவோர் விடுமுறை நாள்களில் செய்யும் பணி யாது? வெளியிலிருந்து பார்ப்பவர் வண்ணம் பூசுவதும் படம் எடுப்பதும் என எண்ணுவர். பணியின் பெரும்பகுதி அழுக்கானது, பொறுமையைக் கோருவது. பல வாரங்கள் நின்ற எஞ்சினைப் பொத்தானை அழுத்தி உடனே கிளப்பிவிட இயலாது. குளிரூட்டும் நீர் கசிந்து சிலிண்டருக்குள் புகுந்திருக்கக்கூடும். காற்றைப் போல் நீர் அமுங்காது. அந்நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும். ஆதலின் சிலிண்டர்களின் சிறு திறப்புகளை எல்லாம் திறந்துவைத்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றி, எந்தத் துளை வழியே நீர் துளிக்கிறது என நோக்குவர். மசகு எண்ணெயைச் சிறிது எடுத்து விரலிடை தேய்த்துப் பார்ப்பர். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. நீர்த்துப்போய் டீசல் மணம் வீசினால் எரிபொருள் கசிகிறது. மின்கலங்களைச் சோதிப்பர். ஆல்கோ எஞ்சினில் மின்கலத்து மின்சாரம் முதன்மை ஜெனரேட்டருக்குள் பாய்ந்து, அதையே சிறிது நேரம் மோட்டாராக்கி, எஞ்சினைச் சுழற்றித் தொடக்கி வைக்கிறது. மின்கலம் தளர்ந்தால் 112 டன் எடையுள்ள எஞ்சினும் வெறும் இரும்பே. சக்கரங்களை இயக்கும் மோட்டார்களுக்கு அடியில் புகுந்து, தேய்ந்த கார்பன் பிரஷ்களை மாற்றுவர். படிந்த கரித்தூளைத் துடைப்பர்.

இவற்றுள் பலவும் கையேட்டில் உள்ளன. கையேட்டில் இல்லாதவையும் உள்ளன. ஆல்கோ எஞ்சின் புறப்படும்போது கரும்புகை கக்குவது இயல்பு. டர்போ வேகம் பிடித்துப் போதிய காற்றைத் தருமுன் எரிபொருள் சென்றுவிடுவதே காரணம். ஆனால் எவ்வளவு புகை இயல்பு, எவ்வளவு புகை நோய் என்பதை அச்சிட்ட தாள் சொல்லாது. 16 சிலிண்டர் ஓசைக்குள் ஒன்று மட்டும் தவறி ஒலிப்பதைக் கேட்டறியும் செவி, முப்பது ஆண்டுப் பணியில் முதிர்வது. ஈரோடு, பொன்மலை, தண்டையார்பேட்டைப் பணிமனைகளில் அத்தகைய செவிகள் பல உருவாயின. அவற்றுக்குரியவர் ஆண்டுதோறும் ஓய்வுபெற்று வீடு திரும்புகின்றனர். எஞ்சினை உருக்கினாலும் அதன் வரைபடம் எஞ்சும்; அறிந்தவர் மறைந்தால் அந்த அறிவு எதில் எஞ்சும்?

தமிழகத்தின் கைத்திறனில் ஐயம் இல்லை. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சிறப்புப் பெற்ற நீலகிரி மலை இருப்புப்பாதைக்குப் பொன்மலைப் பணிமனையே புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தந்தது. அப்பாதையில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பற்றியேறும் நீராவி எஞ்சினைக் காண உலகெங்கிருந்தும் மக்கள் வருகின்றனர். குன்னூர் முதல் உதகை வரை அவ்வண்டியைக் கொண்டுசெல்வது பெரும்பாலும் ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சினே. அதன் பக்கம் படக்கருவிகள் குறைவாகவே திரும்புகின்றன. மீட்டர் பாதைகள் ஏறக்குறைய எல்லாம் அகலப் பாதைகளாகிவிட்ட நாட்டில், அந்த எஞ்சினும் அரிய பொருளாகிவருகிறது.

தன்னார்வலரைச் சேர்ப்பதற்கு எழும் தடைகளுள் இரண்டு எளிதில் தள்ளத்தக்கன அல்ல. ஒன்று, பாதுகாப்பு. ஓடும் எஞ்சின் விளையாட்டுப் பொருளன்று. உயரழுத்த மின்சாரமும் சுழலும் தண்டுகளும் அதனுள் உள்ளன. இங்கிலாந்திலும் ஆர்வம் ஒன்றே தகுதியாகக் கொள்ளப்படுவதில்லை. எஞ்சினை ஓட்ட விரும்பும் தன்னார்வலர் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, விதிமுறைத் தேர்வில் தேறி, பல ஆண்டு உதவியாளராக இருந்த பின்னரே ஓட்டுநர் இருக்கையில் அமர இயலும். அரசின் பாதுகாப்பு அமைப்பு அவர்களையும் கண்காணிக்கிறது. இரண்டாவது தடை இதனினும் நுட்பமானது. கூலியின்றி வேலை செய்ய ஆள் இருந்தால் கூலி பெறும் தொழிலாளியின் இடம் என்னாகும் என்று தொழிற்சங்கத்தார் கேட்பது நியாயமே. அன்றாடப் போக்குவரத்துக்குரிய எந்த எஞ்சினிலும் தன்னார்வலர் கைவைத்தல் கூடாது. ஓய்வுபெற்ற எஞ்சின் மட்டுமே அவர்கள் களம். அங்கும் மேற்பார்வையாளர் ஊதியம் பெறும் தொழிலாளியாகவே இருத்தல் வேண்டும். இவ்வெல்லை எழுத்தில் உறுதியாகாத வரை இம்முயற்சியைத் தொடங்காதிருப்பதே நன்று.

தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டும் என்பதும் இல்லை. திருத்தணியிலிருந்து தெற்கே சிறிது தொலைவிலுள்ள அரக்கோணம் முழுவதும் இருப்புப்பாதையால் வளர்ந்த ஊர். மின் எஞ்சின் பணிமனையும் பொறியியல் பணிமனையும் அங்கு உள்ளன. சென்னையில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. இவ்விரண்டில் ஒன்றில் கூரையிட்ட ஒரு தடம், ஓடக்கூடிய ஓர் எஞ்சின், சில கிலோமீட்டர் பக்கப்பாதை, ஓய்வுபெற்ற பிட்டர்கள் ஐவர் ஆகியன போதும். தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் பயிலும் மாணவர்களை ஞாயிறுதோறும் அவர்களிடம் அனுப்பலாம். முதல் ஆண்டில் எஞ்சின் ஓடாமலே போகலாம். மசகு எண்ணெயின் நிறத்தை அறிவதிலேயே அவ்வாண்டு கழிந்துவிடலாம். தெற்கு இரயில்வே முதலில் செய்ய வேண்டியது, உருக்குவதற்கு ஏலம்விடும் பட்டியலிலிருந்து ஓர் எஞ்சினின் எண்ணை நீக்குவது.