400 மார்க்கு வாங்கிய பிள்ளை எங்கே போகும்?

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாள். காலை நேரம். ஒரே தெருவில் இரண்டு வீடுகள்.

ஒரு வீட்டில் பையனுக்கு 586 மார்க்கு. வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. பெரியப்பா வந்திருக்கிறார். தலைமை ஆசிரியர் வந்திருக்கிறார். லட்டும் வந்துவிட்டது.

அடுத்த வீட்டில் 400 மார்க்கு. அங்கும் பையன் பாஸ்தான். ஆனால் யாரும் பேசவில்லை. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். "எவ்வளவுப்பா?" என்று கேட்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. பதில் சொல்வதற்குள் பையனுக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது.

600-க்கு 400 என்றால் நூற்றுக்கு 66. ஒரு காலத்தில் இது முதல் வகுப்பு! எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையனை ஊரே திரும்பிப் பார்த்த காலம் அது. பிறகு பி.யு.சி. வந்தது. 1978-இல் பிளஸ் டூ வந்தது. மார்க்கு ஏறிக்கொண்டே போயிற்று. அதன் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் 100-க்கு 95 பேர் தேறினார்கள். சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். ஆனால் எல்லோரும் தேறிவிட்டால் 'பாஸ்' என்ற சொல்லுக்குப் பவிசு ஏது? அன்று பெயிலான பிள்ளை பட்ட அவமானத்தை, இன்று நடுத்தர மார்க்கு வாங்கிய பிள்ளை படுகிறது.

படம் யாருக்கு?

மாநிலத்தில் முதல் மாணவர், இரண்டாம் மாணவர் என்று பட்டியல் போடும் வழக்கத்தைத் தமிழ்நாடு சர்க்கார் 2017-இல் நிறுத்தியது. நல்ல காரியம். பத்து பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வந்து, பல லட்சம் பிள்ளைகளின் முகம் வாடுவது அதோடு தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். தீரவில்லை. பள்ளிக்கூடத்து மதில்மேல் பேனர் ஏறியது. 590-க்கு மேல் இத்தனை பேர், 580-க்கு மேல் இத்தனை பேர். மூலைக்கடை வரை பேனர்!

அந்தப் பேனரில் இடம் பெறாத பிள்ளைகள்தான் நாட்டில் அதிகம். 'மேலே என்ன படிக்கலாம்' என்று நடக்கும் கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். டாக்டர் படிப்பு, ஐ.ஐ.டி., பெரிய பெரிய கலாசாலைகள். 400 மார்க்குப் பையன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கைதட்டிவிட்டு வரவேண்டியதுதான். எவனுக்கு யோசனை அதிகம் தேவையோ, அவனுக்கு யோசனை சொல்ல ஆள் இல்லை.

கூட்டல் செய்த குற்றம்

அந்த 400 மார்க்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, தமிழ் 78, ஆங்கிலம் 58, கணிதம் 62, இயற்பியல் 66, வேதியியல் 64, கம்ப்யூட்டர் சயின்ஸ் 72. கூட்டினால் 400.

இந்தப் பையன் என்ஜினீயரிங் மனுப் போட்டால் என்ன ஆகும்? அங்கே மொத்த மார்க்கைப் பார்ப்பதில்லை. நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. கணிதத்தில் வாங்கியது முழுசாக, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. 62, 33, 32. ஆக 200-க்கு 127. இதுதான் 'கட் ஆப்'.

அதே பையன் சர்க்கார் கலைக் கல்லூரிக்கு மனுப் போடுகிறான். பெரும்பாலான பட்டப் படிப்புகளுக்கு மொழிப்பாடம் இரண்டையும் தள்ளிவிட்டு, பாக்கி நான்கு பாடத்தைக் கூட்டுகிறார்கள். 400-க்கு 264. ஆனால் பி.ஏ. தமிழுக்கு வேறு பட்டியல். அங்கே தமிழ் மார்க்கு மட்டுமே பேசும். 78! அந்தப் பட்டியலில் இவன் இருக்கும் இடமே வேறு.

ஆள் ஒருவன்தான். மார்க்கு ஷீட்டும் ஒன்றுதான். எடை போடும் தராசு மாறும்போது எடை மாறுகிறது. 'நடுத்தரம்' என்பது பிள்ளையின் குணம் அல்ல; ஆறு பாடத்தையும் கூட்டியதால் வந்த வினை. எல்லாப் பாடத்திலும் 66 வாங்கிய பிள்ளையைக் கண்டுபிடிப்பது அபூர்வம். ஒன்றில் தூக்கலாக இருக்கும், ஒன்றில் இறக்கமாக இருக்கும். தூக்கலாக இருப்பது எது என்று வீட்டில் யாராவது பார்த்தார்களா? பார்க்கவில்லை. மொத்தத்தைப் பார்த்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செல்போனில் பொழுதைப் போக்கி 400 வாங்கியவனும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவோடு தறியில் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி 10 மணிக்குப் புத்தகத்தைத் தொட்டு 400 வாங்கியவனும் உண்டு. மார்க்கு ஷீட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பெற்ற அப்பாவுக்குத் தெரியவேண்டாமா?

இடம் உண்டு

காலேஜில் இடம் கிடைக்குமா என்பது பெரிய கவலை. கிடைக்கும். தமிழ்நாட்டில் காலேஜ் வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 47 பேர் உயர்கல்வியில் இருந்ததாக 2021-22ஆம் ஆண்டு அகில இந்தியக் கணக்கு சொல்கிறது. நாடு முழுவதற்கும் அது 28தான். இவர்கள் எல்லோரும் 580 வாங்கியவர்களா? இல்லவே இல்லை. 350-ம் 400-ம் வாங்கியவர்களே பெரும்பாலோர்.

என்ஜினீயரிங் கலந்தாய்வில் 127 கட் ஆப் பையனுக்கு மூன்றாவது சுற்றில்தான் முறை வரும். பெயர்பெற்ற காலேஜ்கள் அதற்குள் நிரம்பிவிடும். ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இடங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் படித்த பிள்ளைக்கு, 2021-இல் வந்த 7.5 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே போட்டி தன்னைப்போன்ற பிள்ளைகளோடுதான்.

ஆகவே கவலைப்படவேண்டியது இடம் கிடைக்காததைப் பற்றி அல்ல. எந்த இடம் என்பதைப் பற்றி!

கணிதத்தில் 62 வாங்கிய பையனை, வாத்தியார் சரியாக இல்லாத காலேஜில் சேர்த்தால் முதல் செமஸ்டரிலேயே கணிதம் காலை வாரும். 'அரியர்' ஒன்று விழும். ஒன்று இரண்டாகும், இரண்டு ஐந்தாகும். நான்கு வருஷம் கழித்துப் பட்டம் இல்லாமல், கடனோடு வீடு திரும்பும் பையன் ஊருக்கு ஊர் இருக்கிறான். தன்னிடம் இணைந்த காலேஜ்களில் எத்தனை சதவிகிதம் பேர் தேறினார்கள் என்று அண்ணா பல்கலைக்கழகமே பட்டியல் வெளியிடுகிறது. மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனிதர், இந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை. கட்டடத்தைப் பார்க்கிறார். பஸ் வருகிறதா என்று பார்க்கிறார்.

தரகர் வருகிறார்

சட்டையை மாட்டிக்கொண்டு போனாரே அப்பா, அவர் எங்கே போனார்? பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கத்தான். அந்தத் தெரிந்தவருக்கு ஒரு காலேஜைத் தெரியும். "உங்க பையன் மார்க்குக்குக் கவுன்சலிங்கிலே ஒண்ணும் கிடைக்காதுண்ணே. இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிட்டா சீட்டு நிச்சயம்" என்பார் அவர். அம்மாவின் வளையல் அன்று சாயந்தரமே அடகுக் கடைக்குப் போகும்.

இங்கேதான் நடுத்தர மார்க்குக் குடும்பம் ஏமாறுகிறது. மார்க்கு குறைந்த வெட்கம் அவர்களை அவசரப்படுத்துகிறது. அந்த அவசரம்தான் தரகருக்கு முதல். கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதைச் சொல்லிச் சண்டை போட எந்த அப்பாவுக்குத் தைரியம் வரும்? ரசீதே கிடையாதே!

பணம் போவது ஒருபுறம். சலுகையும் போய்விடுகிறது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அது கலந்தாய்வு வழியாகச் சேர்ந்த பிள்ளைக்குத்தான். 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளையின் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்கும் என்று 2021-இல் அறிவித்தார்கள். அதுவும் கலந்தாய்வு வழிதான். கலந்தாய்வு தொடங்கும் முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் பணத்தைக் கட்டியவர், இனாமாக வரவேண்டியதை விலை கொடுத்துத் தள்ளிவிட்டு வருகிறார். அதுவும், ஆளில்லாமல் காலியாகக் கிடக்கப் போகிற அதே காலேஜில்!

காலியாகக் கிடக்கும் நாற்காலி

சர்க்கார் கலைக் கல்லூரியில் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டும் முதலில் நிரம்பும். 264 வாங்கியவனுக்கு நகரத்துக் காலேஜில் அவை எட்டாமல் போகலாம். கணிதம், இயற்பியல் போன்றவற்றில் பல ஊர்களில் கடைசி வரை இடம் கிடக்கிறது. சரித்திரம், பொருளாதாரமும் கேட்டால் கிடைக்கக்கூடியவை. "சரித்திரம் படித்து என்ன செய்வான்?" என்று கேட்கிறவர்கள் டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். குரூப் 2 எழுதப் பட்டம்தான் வேண்டும். இன்ன பட்டம் என்று பெரும்பாலான பதவிகளுக்குக் கேட்பதில்லை.

செலவும் குறைவு. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கின. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும் பணம் அது.

என்ஜினீயரிங்தான் வேண்டும் என்று பிள்ளையே ஆசைப்பட்டால் பாலிடெக்னிக் இருக்கிறது. பிளஸ் டூ தேறியவன் நேரே இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேரலாம். இரண்டு வருஷத்தில் டிப்ளமோ. அதற்குப் பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அது மூன்று வருஷம். மொத்தம் ஐந்து வருஷம். ஒரு வருஷம் கூடுதல்தான். ஆனால் நடுவழியில் நின்றாலும் கையில் ஒரு சான்றிதழும், தொழிலும் இருக்கும். அரியரோடு நிற்பவனுக்கு அது கிடையாது. ஆனாலும் "பாலிடெக்னிக்கா?" என்று முகம் சுளிக்கும் உறவினர்கள் கல்யாண வீட்டில் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் யாரும் பீஸ் கட்டப் போவதில்லை.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் ராமானுஜன் கதையைச் சொல்வார்கள். 1904-இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். மற்றப் பாடங்களில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. தேறவில்லை. உண்மைதான். ஆனால் 400 மார்க்குப் பையனிடம் இதைச் சொல்லி என்ன பயன்? அவன் மேதையாகவேண்டும் என்று கேட்கவில்லை. மரியாதையாக ஒரு காலேஜ், பிறகு ஒரு வேலை, அவ்வளவுதான் கேட்கிறான். அந்தக் கதையை அப்பாவிடம் சொல்லலாம். கூட்டல் கணக்கு எப்பேர்ப்பட்டவரையும் தவறவிடும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

டாக்டர் படிப்பு வேறு விஷயம். 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் தேர்வு வைத்துத்தான் இடம். 400 வாங்கிய பிள்ளையை இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று கோச்சிங் சென்டரில் பூட்டிவைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அது பிள்ளையின் ஆசையா, அப்பாவின் ஆசையா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

முடிவு வந்த முதல் வாரத்தில் காசு கட்டவேண்டிய வேலை, மனுக்கட்டணம் தவிர, எதுவும் இல்லை. செய்யவேண்டிய வேலை வேறு இருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். கிராம நிர்வாக அதிகாரி பார்த்து, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பார்த்து, தாசில்தார் கச்சேரி வரை போய்த் திரும்பச் சில நாட்கள் பிடிக்கும். அதே சமயத்தில் ஊரே அங்கே வரிசையில் நிற்கும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய அப்பா, தரகர் வீட்டுக்குப் போகாமல் பையனையும் கூட்டிக்கொண்டு அந்த மையத்துக்குப் போகலாம். போகும்போது அந்த 78 மார்க்கைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.