குடில் ஆயத்தம், உள்ளம்?

கார்த்திகை முதல் நாளில் கீழ்பென்னாத்தூரில் நம் அயலார் ஐயப்பனுக்கு மாலையணிந்து 41 நாள் நோன்பு ஏற்கின்றனர். வைகறையில் நீராடுகின்றனர், புலால் விலக்குகின்றனர். அதே கார்த்திகையில் பிறக்கும் திருவருகைக் காலத்தில் நாம் ஏற்பது யாது? நன்கொடைச் சீட்டும், குடிலுக்கு வைக்கோலும், பாடற்குழுவுக்கு ஒலிபெருக்கி வண்டியுந்தாமே!

திருச்சபை ஊதா உடுத்தி, ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதத்தையும் நிறுத்திக் காத்திருக்கிறது. டிசம்பர் 17 முதல் 24 வரையுள்ள நாள்களைப் பிறப்பு விழாவின் நேரடி ஆயத்தத்துக்கென்றே ஒதுக்கியுள்ளது. நாமோ அந்நாள்களில்தாம் வீடுவீடாய்ப் பாடிக் குரல் கம்மி, குடும்பச் செபமாலையும் சொல்லாது உறங்குகிறோம். பாவசங்கீர்த்தனமோ 24-ஆம் நாள் இரவு, கடிகாரத்தைப் பார்த்தபடி!

பாடவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. செல்லும் வீட்டில் ஐந்து நிமிடம் முழந்தாட்படியிட்டுச் செபித்தபின் பாடினால் வசூல் குறையும் என்பார்கள். குறையட்டுமே.