அடிக்க வேண்டிய இடம்

காரின் பால் ஜாயின்டைப் பிரெஞ்சில் 'ரொத்யூல்' என்பார்கள். முழங்கால் சில்லுக்கும் அதே சொல்தான். பள்ளியில் படித்த அந்தச் சொல்லின் பொருத்தம், சென்ற வாரம் வீட்டு வாசலில் என் பழைய காரின் முன்சக்கரத்தைக் கழற்றியபோதுதான் புரிந்தது.

நட்டைக் கழற்றியும் ஜாயின்ட் அசையவில்லை. உப்புக் காற்றில் துருப்பிடிக்காத இரும்பு புதுச்சேரியில் ஏது? மரை முனையில் ஓங்கி அடித்தேன், மரைதான் நசுங்கியது. பக்கத்துத் தெரு மெக்கானிக் தம்பி வந்தார். "சார், அடிக்கிற இடம் அது இல்லை" என்றார். கூம்புத் தண்டு அமர்ந்திருக்கும் இரும்புக் கண்ணின் பக்கவாட்டில் இரண்டே அடி. டக்கென்று விட்டது.

என் கருத்து இது: இந்த வேலையை வீட்டில் செய்யலாம், சிக்கனம் மட்டும் கூடாது. ஓட்டத்தில் இந்த ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். மரை நசுங்கிய ஜாயின்டையும் பழைய காட்டர் பின்னையும் திரும்பப் போடாதீர்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். நம் வயதில், அசையவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை. நான் ஒரு மணி நேரம் தாமதமாகக் கூப்பிட்டேன்.