விடுதிக்கு எஃப்.சி. எப்போது?

பணி ஓய்வுபெற்ற டிஜிபி சங்கர் ஜிவாலைத் தலைவராகக் கொண்டு 2025 ஆகஸ்டு கடைசியில் தமிழ்நாட்டில் தீ ஆணையம் அமைக்கப்பட்டது. நல்லது. ஆனால், ஆணையம் என்றதும் கிளம்புகிற எதிர்பார்ப்புகளைக் கேட்டால்தான் எரிச்சல் வருகிறது: புதிய நிலையங்கள், புதிய வண்டிகள், இன்னும் உயரமான ஏணிகள், காலிப் பணியிடங்கள். 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2023இல் மத்திய அரசு தொடங்கிய ₹5,000 கோடித் திட்டமும் இதே தடத்தில்தான் போகிறது. தீ பிடித்த பிறகு ஓடி வருகிறவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். தீ பிடித்தால் உள்ளே இருப்பவர் தப்ப முடியாதபடி கட்டடத்தை வைத்துக்கொண்டு, மாதா மாதம் வாடகையும் கட்டணமும் வாங்குகிறவரின் கடமை என்ன என்று கேட்க மட்டும் வாய் வருவதில்லை.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் வட்டாரத்தைப் பாருங்கள். தங்கிப் படிக்கும் பள்ளிகள், கல்லூரி விடுதிகள், கல்யாண மண்டபங்கள், லாட்ஜுகள், கோழித் தீவன மில்கள். ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைகள், நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகள். பெரும்பாலும் இரண்டு மாடி, மூன்று மாடி. இந்தக் கட்டடங்களைப் பார்த்து நம் விதி கேட்கும் முதல் கேள்வி, ‘எவ்வளவு உயரம்?’ என்பதுதான். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயர் கட்டடம். கெடுபிடிகள் முழுதாக இறங்குவதும் அப்போதுதான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) 15 மீட்டரிலேயே கோடு போடுகிறது. இடையில் உள்ள 3.30 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு மாடி. கட்டுகிறவர்களுக்கு ஒரு முழு மாடியைத் தாராளமாக விட்டுக்கொடுத்திருக்கிறோம். சரி, அந்தத் தாராளத்தைக்கூட மன்னிக்கலாம். உயரத்தை வைத்து ஆபத்தை அளப்பதை மன்னிக்க முடியாது. தீயில் செத்தவர்களின் கணக்கைப் பாருங்கள். 1997 ஜூன் 7இல் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலில் 48 பேர். 2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர். 2004 ஜனவரி 23இல் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். இவற்றில் ஒன்றுகூட 18.30 மீட்டரின் பக்கத்தில் வராது. தமிழ்நாட்டில் தீ ஆளை விழுங்கியதெல்லாம் தரையை ஒட்டித்தான். நாமோ அண்ணாந்து அளந்துகொண்டிருக்கிறோம்.

நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு எஃப்.சி. என்றால், அதாவது வண்டியின் தகுதிச் சான்று என்றால், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. லாரியின் பக்கப் பலகையில் எஃப்.சி. முடியும் தேதி பெயின்டால் எழுதியிருக்கும். எழுத்துத் தெரிந்த எவரும் படிக்கலாம். பள்ளிப் பேருந்துக்கு அதைவிடக் கடுமை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்துவிட்டன. அன்றிலிருந்து ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலர், போலீஸ், கல்வித் துறை, வருவாய்த் துறை என எல்லோரும் வருகிறார்கள். படியின் உயரம், தளத்தின் உறுதி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்க்கப்படும். அவசர வழிக் கதவைத் திறந்து காட்டச் சொல்வார்கள். திறக்காவிட்டால் வண்டி திரும்பிப் போகும். ஒரு குழந்தை அந்தப் பேருந்தில் இருப்பது நாளுக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. அதே பள்ளியின் விடுதியில் இன்னொரு குழந்தை இரவு முழுக்கத் தூங்குகிறது, ஆண்டுக்குப் பத்து மாதம். அந்த விடுதியின் பின்பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்ல அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. மாடிப்படிக்குக் கீழே பழைய மெத்தைகள் கிடக்கின்றனவா, சன்னல் கம்பியில் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு உண்டா, சுவரில் தொங்கும் சிலிண்டர் கடைசியாக எப்போது நிரப்பப்பட்டது என்று ஊரறியப் பார்ப்பதும் கிடையாது. அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது கட்டட உரிமம், உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றோடு தீயணைப்புத் துறைச் சான்றும் கோப்பில் சேரும். கோப்பு மூடிக்கொள்ளும்.

கோளாறு சான்று இல்லாததில் இல்லை. சான்று யாருடைய பொறுப்பு என்பதில் இருக்கிறது. இன்றைய நடைமுறையில் அது அரசு கொடுக்கும் அனுமதி. வாங்கிவிட்டால் உரிமையாளரின் வேலை முடிந்தது. நாளை விபத்து நேர்ந்தால் ‘என்ஓசி இருக்கிறதே’ என்று அவர் காகிதத்தை நீட்டுவார், காகிதம் கொடுத்த அலுவலர் ‘அன்று சரியாகத்தான் இருந்தது’ என்பார். சிங்கப்பூரில் இது தலைகீழ். 1972 நவம்பர் 21இல் ராஃபிள்ஸ் பிளேஸில் ராபின்சன்ஸ் கடை எரிந்து 9 பேர் இறந்ததிலிருந்து பாடம் கற்ற ஊர் அது. 200 பேருக்கு மேல் கூடக்கூடிய பொதுக் கட்டடத்தின் உரிமையாளர் தன் செலவில் தொழில்முறைப் பொறியாளரை அமர்த்தி, கருவிகளையும் வழிகளையும் சோதிக்கச் செய்து, தீச் சான்றை ஆண்டுதோறும் வாங்கியாக வேண்டும். அங்கே அளவுகோல் தலைகளின் எண்ணிக்கை. இங்கிலாந்திலும் 2005ஆம் ஆண்டின் ஆணைப்படி கட்டடத்துக்கு ஒரு ‘பொறுப்பாளர்’ உண்டு. ஆபத்தை மதிப்பிடுவது அவர் கடமை. 2017இல் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தார்களே என்பீர்கள். அதற்காக அந்த ஊர்க்காரர்கள் கடமையைக் கைவிடவில்லை. 2021 சட்டத்தில் வெளிச்சுவர் வரைக்கும் நீட்டினார்கள்.

தனியார் நிபுணர் என்றதும் ‘காசு கொடுத்தால் கையெழுத்து’ என்ற எதிர்ப்பு வரும். வரட்டும். இப்போது என்ன இலவசமாகவா கிடைக்கிறது? மகாராஷ்டிரத்தின் 2006 சட்டப்படி, உரிமம் பெற்ற நிறுவனம் கருவிகளைப் பார்த்துத் தரும் சான்றை உரிமையாளர் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் சமர்ப்பிக்க வேண்டும். 2017 டிசம்பரில் மும்பை கமலா மில்ஸில் 14 பேர் இறந்தது அந்தச் சட்டம் இருக்கும்போதுதான், மறைக்கவில்லை. குஜராத்தும், 2020 ஆகஸ்டில் அகமதாபாத் கோவிட் மருத்துவமனையில் 8 நோயாளிகள் இறந்த பிறகு, பயிற்சி பெற்ற தனியார் தீப் பாதுகாப்பு அலுவலர்களைக் கொண்டுவந்தது. அப்படியும் 2024 மே 25இல் ராஜ்கோட் விளையாட்டு அரங்கில் 27 பேர் கருகினர். ஆனால், அந்த அரங்குக்குத் தீயணைப்புச் சான்றே இல்லை. தனியார் நிபுணர் பொய்யாகக் கையெழுத்துப் போட்டதால் வந்த சாவல்ல; எவர் கையெழுத்தும் இல்லாமலே மின்சாரமும் கூட்டமும் கிடைத்ததால் வந்த சாவு. ஆகவே கையெழுத்துப் போடுகிறவரின் பெயரும் உரிம எண்ணும் வாசல் பலகையில் இருக்கட்டும். விபத்து நேர்ந்தால் உரிமையாளருக்குப் பக்கத்தில் அவரும் கூண்டில் நிற்கட்டும். தீயணைப்புத் துறையோ பத்தில் ஒன்றைச் சொல்லாமல் போய்ச் சோதிக்கட்டும். நிலைய அலுவலர் ஒருவரே அணைக்கவும் ஓடி, ஆய்வுக்கும் ஓட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

செலவு தாங்காது என்று மண்டபக்காரர்களும் விடுதிக்காரர்களும் சொல்வதை நீட்டிக் கேட்க வேண்டியதில்லை. பேருந்து விதி வந்ததால் பள்ளிகள் மூடிவிடவில்லை, கட்டணத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ‘லைசென்ஸ் ராஜ்ஜியம் திரும்புகிறது’ என்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் அரசே சுயசான்றுக்குப் போய்விட்டது. சொந்த வீட்டில் உரிமையாளரின் வாக்கை நம்புகிற அரசு, விடுதியில் அதே உரிமையாளரின் வாக்குக்கு ஒரு பொறியாளரைச் சாட்சி கேட்பதில் என்ன தப்பு? கவனிக்கத்தக்க எதிர்வாதம் ஒன்றே ஒன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் தீ விபத்துகளில் இறந்தவர்கள் 7,435 பேர். அவர்களில் பாதிக்கு மேல் குடியிருப்புகளில் இறந்தவர்கள். அப்படியிருக்க விடுதியையும் மண்டபத்தையும் ஏன் துரத்த வேண்டும்? காரணம் இருக்கிறது. தன் வீட்டில் தூங்குகிறவரின் சாவி அவர் தலைமாட்டில் இருக்கிறது. விடுதியில் தூங்குகிற பிள்ளையின் சாவி வார்டன் இடுப்பில் இருக்கிறது. இரவில் கேட்டைப் பூட்டுவதை ஒழுக்கம் என்று விளம்பரம் செய்கிற விடுதி, அந்தப் பூட்டுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2024 செப்டம்பரில் மதுரையில் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்பதனப் பெட்டி வெடித்து உயிர்கள் போயின. அதே ஆண்டு டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் தனியார் மருத்துவமனையில் லிஃப்டில் சிக்கி ஆறு பேர் இறந்தார்கள். தங்க வந்தவர்களும் நோயாளியோடு வந்தவர்களும் வழி தேடிக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியுமா?

விபத்துக்குப் பிந்தைய நீதியை நம்பிப் பயனில்லை. கும்பகோணம் வழக்கில் தீர்ப்பு வர பத்து ஆண்டுகள் ஆயின. குற்றம் சாட்டப்பட்ட 21 பேரில் 11 பேர் விடுதலை. பள்ளி நிறுவனரின் ஆயுள் தண்டனையும் 2017இல் உயர் நீதிமன்றத்தில் அவர் ஏற்கெனவே சிறையில் கழித்த காலமாகச் சுருங்கியது. அந்தத் தீயை முன்வைத்தே 2009இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளுக்குத் தீப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது; அதை ஊர் ஊராக நடத்திக்காட்டும் பொறுப்புதான் ஆளில்லாமல் கிடக்கிறது. ஆகவே உள்ளே இருப்போரின் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்து ஒரு சட்டத் திருத்தம் வேண்டும்: ஐம்பது பேருக்கு மேல் இரவு தங்கும், இருநூறு பேருக்கு மேல் கூடும் எந்தக் கட்டடத்துக்கும், அது ஓட்டு வீடே ஆனாலும், ஆண்டுச் சான்று கட்டாயம். இது மட்டும் இருந்திருந்தால் கும்பகோணத்தைத் தவிர்த்திருக்கலாம். வரும் மே மாதம் பள்ளிப் பேருந்துகள் மைதானத்துக்குப் போகிற அதே வாரத்தில் நாமக்கல் மாவட்ட விடுதிகளுக்கும் ஆள் போகட்டும். சான்றில்லாத விடுதிக்கு ஜூனில் சேர்க்கையும் கிடையாது, மின் இணைப்பும் கிடையாது.