கிராண்ட் ஃபார்ம்ல தெருக்கூத்துக்கு எந்தப் பெட்டி?

பௌர்ணமி ராத்திரியில திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒருமுறை சுத்தி வந்தா போதும். அந்த 14 கிலோமீட்டர்ல ஒரு முழு மியூசிக் ஃபெஸ்டிவலே நடக்கும். ஒரு பக்கம் உடுக்கை, இன்னொரு பக்கம் கிதார், நடுவுல ஸ்பீக்கர்ல தேவாரம். வாசிக்கிறவங்க முன்னாடி ஒரு துண்டு விரிச்சிருக்கும். இப்போல்லாம் பக்கத்துலயே ஒரு க்யூஆர் கோடு அட்டையும் இருக்கும். சுயாதீனக் கலைஞனோட வருமானம் இன்னமும் அந்தத் துண்டைத் தாண்டலை என்பதுதான் விஷயம்.

‘யூடியூப்ல போட்டா காசு வருமே’ன்னு சொல்றவங்களுக்கு ‘எஞ்சாய் எஞ்சாமி’யை ஞாபகப்படுத்தலாம். 2021 மார்ச்ல வந்து கோடிக்கணக்குல வியூஸ் அள்ளின பாட்டு. அதுல தங்களுக்கு வருமானமே வரலைனு 2024-ல சந்தோஷ் நாராயணன் வெளிப்படையா சொன்னார். லேபிள் தரப்பு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம்னு நாம தீர்ப்பு சொல்ல வேண்டாம். அவ்வளவு பெரிய ஹிட்டுக்கே இந்தப் பஞ்சாயத்துன்னா, 3,000 வியூஸ் வாங்குற பேண்ட் எதை நம்பி அடுத்த பாட்டை ரெக்கார்ட் பண்ணும்? அங்கதான் ‘கிராண்ட்’ங்கிற வார்த்தை உள்ள வருது. திருப்பிக் கட்ட வேண்டாத நிதி. ஆனா, சும்மா கிடைக்காது.

கலைக்கு நிதி கொடுக்கிறது நமக்குப் புதுசும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில்ல ராஜராஜன் குடியமர்த்தின 400 ஆடல் மகளிருக்கு ஆளுக்கொரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல்னு கல்வெட்டே இருக்கு. செய்யாறு, வந்தவாசி பக்கம் இன்னிக்கும் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு ஊர்ல தலைக்கட்டு வரி போட்டுத்தான் பணம் சேர்க்குறாங்க. வெத்தலை பாக்கு வெச்சு, அட்வான்ஸ் கொடுத்தா கூத்து உறுதி. புரபோசல் கிடையாது, பயோடேட்டா கிடையாது. போன வருஷம் கர்ண மோட்சம் எப்படி இருந்துச்சுங்கிறதுதான் ‘ஒர்க் சாம்பிள்’.

டெல்லிப் பணமும் 15 பேர் குழுவும்

இப்போ மத்திய கலாசார அமைச்சகத்தோட திட்டங்களைப் பார்ப்போம். 18 முதல் 25 வயசு வரைக்கும் இளம் கலைஞர் உதவித்தொகை: மாசம் 5,000 ரூபாய், 2 வருஷம். 25 முதல் 40 வயசுக்காரர்களுக்கு ஜூனியர் ஃபெலோஷிப் மாசம் 10,000. அதுக்கு மேல இருக்கிறவங்களுக்கு சீனியர் ஃபெலோஷிப் 20,000. விண்ணப்பம் சி.சி.ஆர்.டி என்கிற நிறுவனம் வழியா போகும். ஃபெலோஷிப் பணம் மாசாமாசம் வராது, ஆறு மாசத்துக்கு ஒருமுறை நாலு தவணையா வரும். நடுவுல ரிப்போர்ட் கொடுக்கணும்.

கேட்க நல்லா இருக்கு. சிக்கல் எங்கே? முதல்ல, பெட்டி. இளம் கலைஞர் திட்டத்துல சாஸ்திரிய இசை, நடனம், நாடகம், ஓவியம், நாட்டுப்புறக் கலைன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. ராப்புக்கும் எலெக்ட்ரானிக் இசைக்கும் தனிப் பெட்டி இல்லை. பறையோட சிந்தசைசர் கலக்குற பையன் ‘நாட்டுப்புறம்’னு டிக் அடிச்சா பாதி உண்மை. அடிக்கலைன்னா அப்ளிகேஷனே இல்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெருசு. ஃபெலோஷிப் தனி ஆளுக்கானது. கூத்து தனி ஆள் கலை கிடையாது. மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், வேஷக்காரங்க, பின்பாட்டுக்காரங்கன்னு 15 பேர் இருந்தாத்தான் ராத்திரி முழுக்க ஆட்டம் ஓடும். 10,000 ரூபாயை 15 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மாசம் 666 ரூபாய். குழுக்களுக்கான திட்டங்கள் தனியா இருக்கு, ஆனா பதிவு செய்த சங்கம், ஆடிட் பண்ணின கணக்கு எல்லாம் கேட்பாங்க. முள்ளு முருங்கைக் கட்டையில கிரீடம் செதுக்கத் தெரிஞ்ச வாத்தியாருக்கு ஆடிட்டர் எங்க இருப்பார்?

மாநில அரசு பக்கம் வந்தா, இயல் இசை நாடக மன்றம் இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க 10,000 ரூபாய் தருது. நலிந்த கலைஞர்களுக்கு மாசம் 3,000 ரூபாய் உதவி இருக்கு. மாவட்டக் கலை மன்றம் வயசு வாரியா கலை இளமணி, கலை வளர்மணினு விருது கொடுக்குது. நல வாரியமும் இருக்கு. குறை சொல்ல ஒண்ணுமில்லை, ஆனா இதெல்லாம் பெரும்பாலும் ‘கலைஞர் பாவம்’ங்கிற பார்வையில வந்த உதவி. புதுசா ஒண்ணு செஞ்சு பார்க்க, தோத்துப் போகக்கூட இடம் கொடுக்கிற நிதி வேற. அயர்லாந்து 2022-ல 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானமா கொடுக்கிற சோதனைத் திட்டத்தைத் தொடங்குச்சு. அந்த அளவு இங்க உடனே வரும்னு கனவு காண வேண்டாம்.

தமிழ்லயே எழுதலாம்

பெங்களூரில் இருக்கிற ‘இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்’ பத்தி நம்ம ஊர்ல பலருக்குத் தெரியாது. 1993-ல ஆரம்பிச்ச அமைப்பு. ஆய்வு, படைப்பு, கலைக்கல்வினு பல பிரிவுகள்ல நிதி தர்றாங்க. முக்கியமான சேதி, புரபோசலை எந்த இந்திய மொழியிலும் எழுதலாம். என்னைக் கேட்டா, இளம் கலைஞர்கள் முதல்ல தட்ட வேண்டிய கதவு இதுதான்.

ஏன்னா கிராண்ட் உலகத்தோட உண்மையான நுழைவுத் தேர்வு கலை கிடையாது, இங்கிலீஷ். ஒரு பழைய உதாரணம்: திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசைக் கிராமத்துக் கண்ணப்பத் தம்பிரானோட கூத்தைப் பார்த்து மிரண்டவர் ந.முத்துசாமி. அந்த உந்துதல்ல சென்னையில பிறந்தது கூத்துப்பட்டறை. அந்த நவீன நாடகக் குழுவுக்கு ஃபோர்டு ஃபவுண்டேஷன் நிதி வந்துச்சு, நல்ல நடிகர்கள் உருவானாங்க. முத்துசாமி புரிசையை ஒருநாளும் மறைச்சதில்லை, மேடைக்கு மேடை சொன்னார். ஆனா புரிசை மாதிரி எத்தனை கிராமத்துக் குழுவால அமெரிக்க அறக்கட்டளைக்கு நேரடியா ஒரு கடிதம் எழுத முடிஞ்சிருக்கும்?

வெளிநாட்டு நிதியில இப்போ இன்னொரு முள்ளும் இருக்கு. நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் ஃபண்ட், வளரும் கலைஞர்களுக்கு 5,000 யூரோ ‘சீட்’ விருது தருது. ஆசைதான். ஆனா இந்தியாவுல வெளிநாட்டுப் பணம்னா எஃப்.சி.ஆர்.ஏ சட்டம் குறுக்கே நிக்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு பெற்ற அமைப்புகளே டெல்லி எஸ்.பி.ஐ முதன்மைக் கிளைக் கணக்குலதான் பணம் வாங்க முடியும். தனி ஆளா வாங்குறீங்கன்னா, அப்ளை பண்றதுக்கு முன்னாடியே விவரம் தெரிஞ்ச ஆடிட்டர்கிட்ட கேட்டுடுங்க. பணம் வந்த பிறகு கேட்கிறது லேட்.

எழுதுறப்போ பலரும் சறுக்குறது பட்ஜெட்ல. ஸ்டுடியோ வாடகை, வேன் செலவு, சாப்பாடுனு எல்லாம் போட்டுட்டு தன் சம்பளத்தை மட்டும் விட்டுடுவாங்க. ‘கலைக்குக் காசா’ன்னு ஒரு கூச்சம். போடுங்க பாஸ், உங்க உழைப்பும் செலவுதான். ‘அழியும் கலையைக் காப்பேன்’ மாதிரி வசனமும் வேண்டாம். தேர்வுக்குழு அதை நூறு முறை படிச்சிருக்கும். ‘பாரதக் கூத்துல பாடுற இந்தப் பாட்டுகளை, இந்த வாத்தியார்கிட்ட, இத்தனை நாள் உட்கார்ந்து பதிவு பண்ணி, அந்த ஊர்லயே முதல்ல போட்டுக் காட்டுவேன்’னு எழுதுங்க. அதுல ஒரு ஆளும் ஊரும் வேலையும் கண்ணுக்குத் தெரியும். வீடியோ சாம்பிள் ஒரே லிங்க்ல, அஞ்சு நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும். நல்ல இடம் முதல் நிமிஷத்துலயே வந்துடணும்.

நேரக் கணக்கும் முக்கியம். பங்குனியில தொடங்கி ஆடி, ஆவணி வரைக்கும் கூத்துக்காரங்களுக்குத் தூக்கமே கிடையாது, ஃபார்ம் எல்லாம் யார் தொடுவா? ஐப்பசியில மழை பிடிச்சதும் வேஷப்பெட்டி மூலைக்குப் போயிடும். தீபத்துக்குக் கூட்டம் வந்து ஊர் நிரம்புறதுக்குள்ள அந்தப் புரபோசலை எழுதி முடிச்சிடலாம்.